மழைக்காலப் பயிற்சி

சித்திரை வெயிலில் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு தண்டால் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். வியர்க்க வேண்டிய பருவத்தில் வியர்க்காத உடம்பு, பனிக்காலத்தில் அதற்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். நீங்களும் குறித்துக்கொள்ளலாம் சார். வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டியதில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் முரளிதரன். சொந்த ஊர் பாகாலா. திருப்பதியில் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். என் முறையில் மெஷின் கிடையாது, பவுடர் கிடையாது. கோடையில் வெளியே வாழ வேண்டும்: விடியலில் தோப்பு, ஏரிக்கரை, ராத்திரி மொட்டைமாடியில் பாய். மழை பிடித்துவிட்டால் வீட்டுக்குள் ஒரு விரிப்பு, ஒரு ரப்பர் பட்டை போதும். பனிக்காலத்தில் வெயில் ஏறிய பிறகு மறுபடி வெளியே. உள்ளும் வெளியும் ஒரு தராசு மாதிரி. ஒரு தட்டு ஏமாற்றினால் இன்னொரு தட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

பாலசுப்பிரமணியன் அய்யாவைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன்.

அவர் பாலசமுத்திரத்துக்காரர். அங்கே தோத்தாபுரி மாந்தோப்பு வைத்திருந்தார். மனைவி போன பிறகு, திருப்பதியில் மகள் ரக்ஷிதாவோடு இருந்தார். அந்தப் பெண் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறது. போன வருஷம் பங்குனியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்திருந்தார்கள். மெதுவாக நடக்கட்டும் என்று டாக்டர் சொன்னதும், ரக்ஷிதா என்னைத் தேடி வந்தது.

முதல் நாள் அய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு நடக்கத் தெரியாதா வாத்தியாரே? பொறந்ததிலேர்ந்து நடந்துக்கினுதான் கீறேன். அதுக்கு ஒரு ஆளு எதுக்கு?"

"நைனா, கம்முனு இரு. டாக்டர் சொன்னது மறந்துட்டியா?" என்றது ரக்ஷிதா.

"டாக்டரு நடக்கச் சொன்னாரு. ஆள் வச்சி நடக்கச் சொல்லலியேம்மா."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடை முழுக்க அவரைத் திருப்பதியை ஒட்டிய ஒரு மாந்தோப்புக்கு அழைத்துப் போனேன். விடியலில் மரத்துக்கு மரம் நடை. கூடையில் கொஞ்சமாகக் காய் போட்டுத் தூக்கி வைப்பது, இறக்கி வைப்பது. அதுவே எடைப் பயிற்சி. மத்தியானம் நிழலில் கயிற்றுக் கட்டில். ஆனி முடிவதற்குள் இடுப்புச் சதை இறங்கியது, மூச்சு சீரானது. "உன் பேச்சக் கேட்டா வயசு இறங்குது நைனா" என்று, மகள் தன்னைக் கூப்பிடுகிற அதே சொல்லால் என்னைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார். நானும் பூங்காவில் நடக்க வருகிறவர்களிடமெல்லாம் அவரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். ஸ்டென்ட் வைத்த மனிதர், என் கையில் எப்படி மாறினார் பாருங்கள் என்று. அதைக் கேட்டு என்னிடம் சேர்ந்தவர்கள் நிறைய.

ஐப்பசியில் மழை பிடித்தது. வீட்டுப் பயிற்சிக்கு மாறினோம். சகதியில் நீ வர வேண்டாம், போனிலேயே சொல்லு, செய்கிறேன் என்றார். சரி என்றேன்.

"அய்யா, படம் போடுங்க. முதுகு நேரா இருக்குதான்னு பாக்கணும்."

"நெட்டு நிக்கல வாத்தியாரே. மழைல டவரு புட்டுக்கிச்சி. கொரலு கேக்குதில்ல? அது போதும். ஆரம்பிக்கலாமா? ஒண்ணு... அப்பாடா... ரெண்டு... யம்மா..."

ஒவ்வொரு எண்ணுக்கும் தொம், தொம் என்று அவர் குதித்து இறங்குகிற சத்தம் கேட்கும். மூச்சு வாங்கும். நடுநடுவே வாயில் ஏதோ அடைத்த மாதிரி குரல் குழறும். களைப்பு என்று நினைத்தேன். "இன்னும் அஞ்சு, விடாதீங்க அய்யா" என்பேன். அவரும் விடமாட்டார். மழை விடும்வரை தினமும் இது நடந்தது. ஒரு நாள் போனை வைத்த பிறகு எனக்குக் கண்கலங்கியது சார். ஒரு ஆசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தை மாதம் ரக்ஷிதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ஹரிபிரசாத், நகரிப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மா பக்திமான். நின்றால் கோவிந்தா, உட்கார்ந்தால் கோவிந்தா. அய்யா பூங்கா நண்பர்களையும் அழைத்திருந்தார். அவர்களில் பாதிப் பேர் என்னிடம் பயிற்சி எடுக்கிறவர்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது யாரோ அய்யாவைக் கேட்டார்கள், "மழையிலகூட எக்சர்சைஸ் விடலியாமே?"

அய்யா சிரிக்க ஆரம்பித்தார். தொந்தி குலுங்கியது. தொந்தி திரும்ப வந்திருந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"வெங்கடம்மா! இப்பிடி வா. அந்த ஒலக்கைய எடுத்துக்கினு வா."

வெங்கடம்மா அந்த வீட்டில் சமையல் செய்கிறவள். கூச்சத்தோடு வந்து நின்றாள்.

"இவதான் என் எக்சர்சைஸு. நான் கட்டில்ல சாஞ்சிக்கினு ஒண்ணு ரெண்டு சொல்லுவேன். இவ ஒலக்கையால தரையில தொம்முனு ஒண்ணு போடுவா. வாத்தியாரு அந்தாண்ட 'விடாதீங்க அய்யா'ம்பாரு. நான் எங்க வுடறது? வாய் நெறைய மொளகா பஜ்ஜி!"

கூடம் அதிர்ந்தது. வெங்கடம்மா என்னைப் பார்த்து, "நேனேம் செய்யாலி சார், ஆயனே கொட்டமன்னாரு" என்றாள். நான் என்ன செய்வேன், அவர்தான் இடிக்கச் சொன்னார் என்று. அதற்கும் சிரித்தார்கள். யாரோ ஒருவர் அவளை ஒரு தரம் இடித்துக் காட்டச் சொன்னார். அவளும் இடித்தாள்.

நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். தட்டில் இருந்த பஜ்ஜியில் ஒன்றை எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ரத்தினம்மாவின் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"அய்யா வெளையாடறாரும்மா. பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தே மலை ஏறுறதா வேண்டிக்கினு இருக்காரு. அதை வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இப்படி மழுப்புறாரு."

அது முழுப் பொய் இல்லை. தோப்பில் ஒருநாள் மலையைப் பார்த்து, "ஒருதரம் நடந்து ஏறணும் நைனா" என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சொல்வதுதான்.

ரத்தினம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். "கோவிந்தா!"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும், "கோவிந்தா!"

நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டார் எதிரில் ஒரு வேண்டுதல் வாயைவிட்டு வந்து, சபை அதற்குக் கோவிந்தா போட்டுவிட்டால், அது அப்புறம் மனிதனுடைய சொத்தில்லை. ஏழுமலையானுக்குப் போய்விடும். அவர் வட்டியோடு வசூலிக்கிறவர். அதுவும் பெண்ணின் கல்யாணத்தை வைத்துச் சொன்ன வேண்டுதல். அய்யா என்னைப் பார்த்தார், ரத்தினம்மாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

மறுநாளிலிருந்து நான் பூங்காவுக்குள் நுழைந்தால் போதும், பெஞ்சில் இருக்கிறவர்கள் கைத்தடியால் தரையைத் தட்டுவார்கள். "ஒகடி... தொம். ரெண்டு... தொம்." படித்தவர்கள், வங்கியில் இருந்து ரிடையர் ஆனவர்கள். சிலர் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு அம்மா போனில், "நானும் வேணா எங்க வீட்டு வேலைக்காரிய வச்சிச் செஞ்சிக்கறேன் சார்" என்றார். நகைச்சுவை உணர்வுள்ள ஊர் இது. நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை.

அய்யாவை நான் விட்டுவிடவில்லை. யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நான் மறுபடியும் போனேன். மாசியில் ஒரு சாயங்காலம் அவரை மொட்டைமாடிக்கு ஏறச் சொன்னேன். அந்தப் படிகளுக்கே உதடு வெளுத்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். குதித்துக் குதித்து ஓடியது.

"வாத்தியாரே, உண்மையச் சொல்லு. இந்த ஒடம்பு ஏறுமா?"

ஏறாது. எனக்கு அது அந்த நிமிஷமே தெரியும். முதலுதவி வகுப்பு முடித்தவன் நான். ஒரு கோடையும் ஒரு பனிக்காலமும் ஒழுங்காகப் பயிற்சி செய்தால், டாக்டர் சரி என்றால், ஒருவேளை ஏறலாம். அந்தப் பங்குனியில் ஏறாது.

"ஏறும் அய்யா. நாடி பிரமாதமா இருக்கு" என்றேன்.

"பாதி வழில ரோடு வருதில்ல, அங்கேர்ந்து வண்டில போய்ட்டா சாமி ஒண்ணும் சொல்லாதில்ல?"

"சாமிகிட்டயும் வெங்கடம்மாவையே எண்ணச் சொல்லிடலாமா அய்யா?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "தப்புதான் நைனா. அத்தினி பேரு எதிர்ல உன்ன அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது. கெழவன்னு நெனச்சி மன்னிச்சிக்கோ" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது. நான், சே சே, என்ன அய்யா இது என்றேன்.

ரக்ஷிதா டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றது. நான் கேட்டுவிட்டேன் என்றேன். தானும் கூட வருவதாகச் சொன்னது. அதற்காகத்தான் வேலை நாளாகப் பார்த்துக் குறித்தேன். லீவு எதற்கு, கல்யாணத்துக்கு வேண்டியிருக்குமே என்றேன். "அண்ணா, நீங்க கூட இருந்தா எனக்குப் பயமில்ல" என்றது. நல்ல பெண்.

அலிபிரியில் விடியலில் இறங்கினோம். அடிவாரத்தில் பையை வாங்கிக்கொண்டு வேனில் மேலே அனுப்பிவைக்கிற இடம் இருக்கிறதே, அங்கே வரிசையில் நின்றோம். செருப்பைப் பையில் போட்டார். போனைப் போட்டார்.

"சட்டையும் அய்யா. வேண்டுதல்னா வேட்டி, துண்டு, அவ்வளவுதான்."

"சட்டைப் பாக்கெட்ல மாத்தர கீது நைனா."

"மாத்திரைய நம்பி ஏறப் போறீங்களா, மேல இருக்கறவர நம்பியா?"

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அய்யா அவர்களைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். பை வேனில் ஏறிப் போயிற்று. நாங்கள் படியில் ஏறினோம்.

காலி கோபுரம் வரை அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம். தோப்பில் சேர்த்த பலம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. கோடைப் பயிற்சியைப் பற்றி நான் சொன்னது உண்மை என்று இதிலிருந்து உங்களுக்குப் புரியும். வழியில் முதலுதவி அறை ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் கூட்டம் என்று சொல்லி அவரை மறுபக்கமாக நடத்திக்கொண்டு போனேன். மான்கள் நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அங்கேதான் ரோடு அருகில் வருகிறது. வண்டிகள் போவது தெரிந்தது. அவர் வண்டிகளைப் பார்த்தார். நான் விரலால் படியை மெதுவாகத் தட்டினேன். தொம், தொம். எழுந்துவிட்டார்.

முழங்கால் மெட்டு எப்படிப்பட்ட ஏற்றம் என்று உங்களுக்குத் தெரியும். செங்குத்துப் படிகள். பலர் அங்கே வேண்டுதலுக்காக முழங்காலாலேயே ஏறுவார்கள். அய்யா அங்கே நான்கைந்து படி ஏறினார். நின்றார். அடுத்த படியில் முழங்கால் மடிந்து விழுந்தார்.

பின்னால் திருத்தணிக்காரர்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். மேலாடையில்லாத பெரியவர், முழங்காலில் நிற்கிறார், ஒரு கை நெஞ்சில், முகமெல்லாம் வியர்வை, கண்ணில் நீர். அவர்கள் என்ன நினைப்பார்கள்? "கோவிந்தா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். மொத்தக் கூட்டமும் கோவிந்தா போட்டது. ஒரு அம்மா படிக்குப் படி வைத்துக்கொண்டு வந்த குங்குமத்தை அவர் நெற்றியில் இட்டு, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பையன் போனில் வீடியோ எடுத்தான். ஒரே ஒருவர் மட்டும் குனிந்து பார்த்து, "என்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டார்.

"வேண்டுதல். பேசக் கூடாது" என்றேன். அவர் பயந்து விலகி, கைகூப்பிக்கொண்டார்.

அய்யா என் வேட்டியைப் பிடித்தார். "மாத்தர" என்றார்.

"மேல இருக்கு அய்யா. வாங்க. ஒண்ணு."

முழங்காலை நகர்த்தினார். ஒரு படி.

"ரெண்டு. விடாதீங்க."

நகர்த்தினார். ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த உடம்பு என் கண்முன்னால் அசைந்தது. முதுகு நேராக இல்லை, அதைத் திருத்தச் சொன்னேன். சுற்றிலும் கோவிந்தா. அவர் மூச்சுச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. அடுத்த எண்ணுக்கு அவர் அசையவில்லை. நான் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். நெற்றியைப் படியில் வைத்திருந்தார். திருத்தணிக்காரர்கள் அதையும் நமஸ்காரம் என்றுதான் நினைத்தார்கள். நல்ல நீண்ட நமஸ்காரம்.

ஆமாம் சார். இறந்துவிடுவார் என்று தெரிந்தேதான் அழைத்துப் போனேன். மாத்திரையை அவரிடமிருந்து பிரித்ததும் நான்தான். கேட்டபோது கொடுக்க முடியாத இடத்தில் அது இருக்க வேண்டும் என்றுதான் பிரித்தேன். இதைத் தெலுங்கில் எப்படி எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "மலையிலயே உயிர் போச்சி, கொடுத்து வச்ச மகராசன்" என்றார் ரத்தினம்மா. பூங்காக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை கூட இருந்தீர்களே என்றார்கள். இப்போது யாரும் தரையைத் தட்டுவதில்லை. அந்தப் பையன் எடுத்த படத்தை, முழங்காலால் மலையேறிய பக்தர் என்று யார் யாரோ அனுப்பி, கடைசியில் அது ரக்ஷிதாவின் போனுக்கே வந்திருக்கிறது. அய்யா மாத்திரை கேட்பதும், என் குரல் எண்ணுவதும் அதில் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்கிறீர்கள். டவர் நன்றாக இருந்தால் எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும்.

என் தலை ஏன் மொட்டை என்று வந்ததும் கேட்டீர்கள். கூட்டம் விஷயத்தைப் புரிந்துகொண்டு கத்த ஆரம்பித்ததும் யாரோ உதவிக்கு ஓடினார்கள். அவரைத் திருத்தணிக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் மிச்சப் படிகளை ஏறினேன். கல்யாணத்தை வைத்துச் சொன்ன வேண்டுதல் பாதியில் நிற்கலாமா? அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆவது? மேலே போய் அவருக்காக முடி கொடுத்தேன். தரிசனம் செய்தேன். பையை வாங்கிக்கொண்டு கீழே வந்து, பத்திரமாக ரக்ஷிதாவின் கையிலேயே கொடுத்தேன். இன்றுவரை அந்தப் பெண் எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை சார். உங்களிடம் வந்து புகார்தான் கொடுத்திருக்கிறது. பரவாயில்லை. எதையும் மனசில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.